நீலப்பிடி வாளி

விடிந்தும் விடியாத அந்த வேளையில் வெல்டா காய்ந்த ஓடையின் நடுவே நின்று விதைத்துக்கொண்டிருந்தாள். விதைத்தது சோளமல்ல, கல்.

கொல்லன் தெருவில் ஊசி விற்றவனைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். அரிசோனாப் பாலைவனத்தில் வாளி வாளியாகக் கல்லைக் கொண்டுபோய்க் கொட்டுகிறவளை என்னவென்று சொல்வது? ஆனால் வெல்டாவுக்குப் புத்தி பிசகவில்லை. செம்பாறைக் கல்தேடிகள் சங்கத்தில் இது பழைய வழக்கம். கல் பொறுக்கப் புதிதாக வருகிறவர் கண்ணுக்கு எல்லாக் கல்லும் ஒன்றுதான். நாள் முழுக்க வெயிலில் குனிந்து நிமிர்ந்து, இடுப்பு வலியைத் தவிர வேறொன்றும் கிடைக்காமல் வீடு திரும்பினால் அடுத்த முறை அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். அதனால் அன்றைய பயணத்துக்குத் தலைமை ஏற்பவர் எல்லோருக்கும் முன்னால் போய், உறுப்பினர்கள் தங்கள் கொல்லையிலிருந்து கொடுத்த நல்ல கற்களைப் புதியவர் காலில் இடறும்படி ஓடை நெடுகத் தூவிவிட்டு வரவேண்டும்.

இதற்கு இரண்டே சட்டம். யாருக்காகத் தூவினோமோ அவருக்கு அது சாகும்வரை தெரியக்கூடாது. ஒரு கை எடுத்த கல் அந்தக் கைக்கே சொந்தம். தப்பித் தவறி உன் கல்லே ஆனாலும் திருப்பிக் கேட்கக்கூடாது.

வேடிக்கை என்னவென்றால், சங்கத்தில் பழகிய எல்லோருக்கும் இந்த வழக்கம் தெரியும். ஆனாலும் தான் முதல் நாள் கண்டெடுத்த கல்லை மட்டும் பாலைவனம் தனக்கென்றே வைத்திருந்தது என்று ஒவ்வொருவரும் மனதார நம்புகிறார்கள். சங்கத்தின் பழைய உறுப்பினர் டெல்பர்ட் இன்றைக்கும் சட்டைப் பையில் ஒரு சிவப்பு ஜாஸ்பர் கல்லை வைத்துக்கொண்டு காண்பவரிடமெல்லாம் எடுத்துக் காட்டுவார். அதை அவர் வழியில் போட்டது வெல்டாவின் புருஷன் ஆர்லோ. அதைச் சொல்லும் அளவுக்கு இதுவரை யாருக்கும் மனசு கல்லாகவில்லை.

வெல்டா தலைமை ஏற்பது இதுதான் முதல் தடவை. அந்தப் பதற்றத்தில் இருட்டோடு எழுந்து, கராஜில் வரிசையாக நின்ற வாளிகளையெல்லாம் பிக்கப் வண்டியில் ஏற்றி, ஆர்லோவை எழுப்பாமலே கிளம்பிவிட்டாள். டெல்பர்ட்டின் வண்டியில் தொற்றிக்கொண்டு வரட்டும் என்று ஒரு துண்டுச் சீட்டு மட்டும் வைத்தாள். கடைசி வாளியையும் கவிழ்த்த பிறகுதான் மலைக்கு மேலே வெயில் எட்டிப் பார்த்தது. காலி வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும்போது கவனித்தாள், ஒன்றின் பிடி நீலம். அடியில் கசங்கிய செய்தித்தாள்.

அது ஆர்லோவின் வாளி. அதில் இருந்தது ஆர்லோவின் கல்.

ஊரில் மற்றவர்கள் கல்யாணமான புதிதில் பெண்டாட்டியைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். ஆர்லோ கடப்பாரையும் சுத்தியுமாக இதே பாலைவனத்துக்குக் கூட்டிவந்தான். ஒரு குழிக்குள் இடுப்புவரை தலைகீழாக இறங்கி, பெரிய விளாம்பழம் அளவில் ஒரு கல் உருண்டையை எடுத்து அவளிடம் நீட்டினான். பார்க்கக் காய்ந்த சாணி உருண்டை மாதிரி இருந்தது. ஜியோடு என்பார்கள். உள்ளே பொந்து இருக்கும், பொந்து நிறையப் படிகம் மின்னும். சிலதில் ஒன்றுமே இருக்காது. உடைத்தால்தான் தெரியும்.

"உள்ள ஊதாக் கலர்ல செவ்வந்திக்கல்லு இருக்கு, பந்தயம்!" என்றான் ஆர்லோ.

"மண்ணுதான் இருக்கு" என்றாள் வெல்டா. "ஒடை, பாப்போம்."

மாட்டேன் என்றுவிட்டான். அன்று மாட்டேன் என்றவன் பிள்ளைகள் பிறந்து, அந்தப் பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகும் மாட்டேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். "ஒடைச்சா ஒரு நாள் சந்தோஷம். ஒடைக்காம வெச்சா தெனமும் சந்தோஷம்" என்பது அவன் கட்சி. "என்ன இருக்குன்னு தெரியாம அதோட எப்படிக் குடும்பம் நடத்துறது?" என்பது அவள் கட்சி. கல் டிவிக்குப் பக்கத்து அலமாரியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. ஞாயிறு தவறாமல் ஆர்லோ அதைத் துடைப்பான். அந்த வீட்டில் அவன் துடைத்த ஒரே பொருள் அதுதான்.

இந்த வாரம் கூடத்துக்கு வர்ணம் பூச ஆள் வந்தது. கல்லை எடுத்துப் பத்திரமாக நீலப்பிடி வாளியில் வைத்து கராஜில் விட்டிருக்கிறான். அவளிடம் சொல்லியிருப்பான். அவளும் ஊம் கொட்டியிருப்பாள். நாள்பட்ட கல்யாணங்களில் இது சகஜம்.

வெல்டா ஓடைக்குள் ஓடினாள். வைக்கோல் போரில் ஊசி தேடினால்கூட ஊசி வேறு, வைக்கோல் வேறு. இங்கே கல்லுக்குள் கல்லைத் தேடவேண்டும். பழுப்பு உருண்டை என்று பார்த்தால் திரும்பின பக்கமெல்லாம் பழுப்பு உருண்டை. நாலைந்தைப் புரட்டியிருப்பாள், அதற்குள் தெற்கே புழுதி கிளம்பிவிட்டது. சங்கத்து வண்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

முதலில் இறங்கியது ஆர்லோ.

"என்ன செல்லம், கட்டின புருஷனை விட்டுட்டு ஓடிட்ட? காப்பிகூடப் போட்டு வெக்கல?"

"ஒனக்குத்தான் காப்பி போடத் தெரியுமே."

"போடத் தெரியும். குடிக்கத்தான் முடியல."

திருடனுக்குத் தேள் கொட்டிய நிலைமை வெல்டாவுக்கு. கத்தவும் முடியாது, கமுக்கமாக இருக்கவும் முடியாது. இப்போதே சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் பின்னாலேயே வென்டல் வந்து நின்றார்.

வென்டல்தான் அன்றைய புதுமுகம். மின்னசோட்டாவில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பனிக்குப் பயந்து இங்கே குடியேறியிருந்தார். புதுத் தொப்பி, புது பூட்ஸ், கையில் புதுச் சுத்தி. சுத்தியில் விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதும்மா" என்றார் வெல்டாவிடம். "ஏதாவது ஒண்ணு கெடைச்சாப் போதும். வீட்டுக்காரி, வெறுங்கையோட வந்தா மூஞ்சியில முழிக்காதேன்னுட்டா."

இந்த மனிதரை வைத்துக்கொண்டு எதைப் பேசுவது? எல்லோரையும் கூட்டி, தலைவியாக நாலு வார்த்தை சொன்னாள். பாம்பு இருக்கும், கல்லுக்கு அடியில் கைவிடாதீர்கள். தோண்டின குழியை மூடிவிட்டு வாருங்கள். தண்ணீர் குடியுங்கள். கடைசியில் அவளுக்கே தெரியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது: "அப்புறம், இந்தப் பழுப்பு உருண்டைங்க இருக்கு பாருங்க, அதையெல்லாம் யாரும் தொடாதீங்க. அது சும்மா குப்பை."

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றிவிட்டார். "குப்பையா? இந்த ஓடைக்கு வர்றதே அந்த உருண்டைக்குத்தான்! தலைவியம்மா, காலையில என்ன சாப்பிட்ட?"

"இன்னும் சாப்பிடல."

"அதான் தெரியுதே!"

சிரிப்போடு எல்லோரும் கலைந்தார்கள். வெல்டா சொன்னதன் பலன், அதுவரை பழுப்பு உருண்டையை நினைத்தே பார்க்காதவர்கள்கூட அதைத்தான் முதலில் தேடினார்கள்.

வென்டலுக்கு அன்று சுக்கிர திசை. பத்தடி நடப்பதற்குள் ஒரு தேன்நிற அகேட் கல். புதரைத் தாண்டினால் நீலக்கோடு போட்ட அகேட். "கெடைச்சிருச்சு!" என்று அவர் போடுகிற கூச்சலில் முயல்கள் இடம் மாறின. ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் இருந்தவர்கள் ஓடிப்போய், "அடேயப்பா!" என்று வாயைப் பிளந்தார்கள். அதில் பாதிக் கற்களை நேற்று வாளியில் போட்டவர்களே அவர்கள்தான்.

"என்னமோ தெரியல, எனக்குக் கண்ணு கொஞ்சம் கூர்மை" என்றார் வென்டல். "தபால்காரன் இல்லையா? தூரத்துலேருந்தே கதவு நம்பர் படிச்சுப் பழக்கம்."

"ஆமா, ஆமா. கூடப் பொறந்தது" என்றார் டெல்பர்ட், பல்லைக் கடித்துக்கொண்டு. அந்த நீலக்கோட்டு அகேட் எந்த வீட்டுக் கொல்லையில் கிடந்தது என்று அவருக்குத் தெரியும். பல தடவை கேட்டும் ஆர்லோ அவருக்குக் கொடுக்காத கல் அது.

வெல்டா ஒவ்வொரு வாளியாக எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பாராட்டுவது போலப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள், தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற சாக்கில் பார்த்தாள். கடைசியில் டெல்பர்ட்டின் வாளிக்குள் கையையே விட்டுவிட்டாள்.

டெல்பர்ட் அப்போது ஒரு கல்லை நக்கிக்கொண்டிருந்தார். ஈரம் பட்டால்தான் கல்லின் நிறம் தெரியும். மற்றவர்கள் தண்ணீர் புட்டி வைத்திருப்பார்கள், அவருக்கு நாக்குதான். நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, "என்ன, சுங்கச் சோதனையா?" என்றார்.

"சும்மா பாத்தேன்."

"சும்மா பாக்குறவ அடி வரைக்கும் துழாவ மாட்டா. என்ன தொலைச்ச?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் வெல்டாவுக்கு எப்போதும் இருந்ததில்லை. "மூக்குக்கண்ணாடி" என்றாள்.

"அது ஒன் மூக்கு மேலயே இருக்கு."

அதற்குள் ஓடையின் வளைவுக்கு அப்பாலிருந்து ஆர்லோவின் குரல் கேட்டது. "வெல்டா! வெல்டா! இங்க வா! எல்லாரும் வாங்க!"

போய்ப் பார்த்தால், மெஸ்கீட் மரத்தடியில் ஆர்லோ நின்றுகொண்டிருந்தான். முகமெல்லாம் பல். இரண்டு கையிலும் ஏந்திப் பிடித்திருந்தது அந்தக் கல்லைத்தான். அதே விளாம்பழ அளவு, அதே சாணி நிறம், இடுப்பில் அதே சின்னப் பள்ளம். வெல்டாவுக்கு ஒரு கணம் உயிர் திரும்பி வந்தது. அடுத்த கணமே போய்விட்டது.

"பாரு செல்லம்! நம்ம கல்லோட ரெட்டைப் பிறவி! அச்சு அசல் அதேதான். ரெண்டும் ஒரே வயித்துல பொறந்திருக்கு!"

"அப்படியா?" என்றாள் வெல்டா. குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"யோசிச்சுப் பாரு. இத்தன வருஷமா நமக்குள்ள என்ன சண்டை? ஒடைக்கணும், ஒடைக்கக் கூடாது. இப்ப இதை ஒடைச்சுப் பாத்தா, வீட்ல இருக்கறதுக்குள்ள என்னன்னு தெரிஞ்சுரும். நம்ம கல்லும் பத்திரமா இருக்கும். எப்படி?"

டெல்பர்ட் தலையாட்டினார். "ஒம் மண்டையிலயும் மூளை இருக்குன்னு இன்னைக்குத்தான்யா பாக்குறேன். மத்தியானம் நானே ஒடைச்சுத் தர்றேன்."

மத்தியானம் வண்டிகளின் நிழலில் மேசை போட்டார்கள். பெரிய பானையில் மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்டுக் கொதித்த சில்லி, தட்டு தட்டாகச் சோள ரொட்டி, யாரோ கொண்டுவந்த, பீச் பழம் அடைத்துச் சுட்ட இனிப்பு அப்பம். வென்டல் மூன்று தட்டு சாப்பிட்டார், ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் தன் கற்களை வரிசையாக அடுக்கி அழகு பார்த்தார். வெல்டா சோள ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டாள்.

இதில் யாரிடமும் சொல்ல முடியாத ஒரு சங்கதி இருந்தது. அவளுக்குப் பயம் மட்டுமல்ல, ஆசையும் இருந்தது. அந்தக் கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று அவள் கேட்காத வருஷமில்லை. இப்போது வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தால் போதும், பார்த்துவிடலாம். அவள் உடைக்கவில்லை, உடைக்கச் சொல்லவுமில்லை. அவனே எடுத்தான், அவனே உடைக்கப்போகிறான். சங்கத்துச் சட்டப்படி அது அவன் கல்லும்கூட. ஆனால் வீட்டுக்குப் போனதும் அவன் வாளியைத் தேடிப் பார்ப்பானே. அந்த முகத்தை நினைத்தபோது பீன்ஸ் கசந்தது. அந்த மனுஷனை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும், அதுதான் வம்பு.

டெல்பர்ட் தன் சங்கிலிக் கருவியை எடுத்துவந்தார். குழாய் வேலைக்காரர்கள் இரும்புக் குழாயை வெட்ட வைத்திருப்பது அது. சங்கிலியைக் கல்லைச் சுற்றி மாட்டி, பிடியை மெதுவாக அழுத்தினால் நெருக்கிப் பிடிக்கும். கல் பட்டென்று இரண்டாகப் பிளக்கும். எல்லோரும் சுற்றி நின்றார்கள். சங்கிலி கல்லின் இடுப்பில் இறுகியது. டெல்பர்ட் பிடியில் கைவைத்தார்.

"நிறுத்து! கையை எடு, டெல்பர்ட்!"

கத்தியது தான்தான் என்பது வெல்டாவுக்கே பிறகுதான் தெரிந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "ஆர்லோகிட்ட ஒரு வார்த்தை பேசணும். தனியா" என்றாள்.

"இப்பவா?" என்றார் டெல்பர்ட். "வீட்ல பேசிக்கறதில்லையா நீங்க?"

அவள் ஆர்லோவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பிக்கப்புக்குப் பின்னால் போனாள். நீலப்பிடி வாளியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"ஆர்லோ, அது ரெட்டைப் பிறவி இல்ல. நம்ம கல்லேதான். இருட்டுல பாக்காம இந்த வாளியையும் சேத்துக் கொட்டிட்டேன். காலையிலேருந்து சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன், பயமா இருந்துச்சு. அப்புறம் சொல்லாம விட்டுடலாமான்னுகூட நெனைச்சேன். உள்ள பாக்கணும்னு எனக்கு அவ்வளவு ஆசை. மன்னிச்சிரு."

ஆர்லோ வாளியைப் பார்த்தான், தன் பூட்ஸைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான்.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"நம்ம கல்லுதான்னு. கையில எடுத்ததுமே தெரியும். வாராவாரம் தொடைக்கிறவன் நான். என் வழுக்கைத் தலை எனக்குத் தெரியாதா?"

"அப்ப ரெட்டைப் பிறவின்னு எதுக்குய்யா ஊரைக் கூட்டின?"

"ஒடைக்கத்தான்." அவன் குரல் தணிந்தது. "எனக்கும் பாக்கணும்னு ஆசை வந்து ரொம்ப நாளாச்சு வெல்டா. போன வருஷம் ஆஸ்பத்திரியில நெஞ்சு அடைப்புக்குக் கம்பிச்சுருள் வெக்க உள்ள தள்ளிட்டுப் போனாங்களே, அப்ப நான் நெனைச்சது என்ன தெரியுமா? அடப்பாவி, அந்தக் கல்லுக்குள்ள என்னன்னு பாக்காமயே போறோமேன்னு."

"என்னைய நெனைக்கலையா?"

"ஒன்னைய மொதல்ல நெனைச்சேன். கல்லு ரெண்டாவதுதான்."

"அப்ப வீட்டுக்கு வந்ததும் ஒடைச்சிருக்கலாம்ல? நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?"

"எப்படி? இத்தன வருஷமா முடியாதுன்னுட்டு, ஒரு நாள் காலையில எந்திரிச்சு சரின்னு சொன்னா விடுவியா நீ? சாகுற வரைக்கும் சொல்லிக் காட்ட மாட்ட?"

வெல்டா யோசித்தாள். "காட்டுவேன்" என்றாள்.

"பாத்தியா! இன்னைக்குத்தான் அந்தப் பாலைவனமே பாத்து ஒரு வழி விட்டுச்சு. நீ வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா ரெண்டு பேரும் நிம்மதியா ஒடைச்சுப் பாத்திருக்கலாம். இப்ப போய் உண்மையப் பேசிக் கெடுத்துட்டியே!"

வெல்டாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. அவன் மார்பில், கம்பிச்சுருள் இல்லாத பக்கமாகப் பார்த்து, ஒரு குத்து விட்டாள். "நான் ஒண்ணும் சொல்லல. நீ ஒண்ணும் கேக்கல. வா."

இருவரும் திரும்பி வந்தார்கள். "பேசி முடிச்சாச்சா? கல்லு பழசாகுது" என்றார் டெல்பர்ட். "தள்ளு" என்று சொல்லிவிட்டுப் பிடியின் மேல் ஆர்லோ கைவைத்தான். அவன் கைமேல் வெல்டா கைவைத்தாள். அழுத்தினார்கள். சங்கிலி முனகியது. பிறகு, பட்.

கல் அழகாக இரண்டாகப் பிளந்து விழுந்தது. ஊதா இல்லை. மண்ணும் இல்லை. பொந்தே இல்லை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வெளிறிய சாம்பல் நிறத்தில் கெட்டியாக, ஒரு மினுக்குகூட இல்லாமல் கிடந்தது.

டெல்பர்ட் ஒரு பாதியை எடுத்து, வழக்கம்போல நக்கிப் பார்த்தார்.

"உருளைக்கிழங்கு" என்றார்.

வெல்டா பயந்துபோய் ஆர்லோவின் முகத்தைப் பார்த்தாள். அவன் உதடு துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு தொடையில் அடித்துக்கொண்டு அவன் சிரித்த சிரிப்பில் அவளுக்கும் தொற்றிக்கொண்டது. இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, கண்ணீர் வழியச் சிரித்தார்கள். ஒரு சாதாரணச் சொத்தைக் கல்லுக்கு இவ்வளவு சிரிப்பா என்று மற்றவர்கள் முழித்தார்கள்.

வென்டலுக்கு மனசு கேட்கவில்லை. ஆர்லோவின் பக்கத்தில் வந்து தோளைத் தட்டினார்.

"விடுங்க. சில பேருக்கு மொதல்ல கண்ணு பிடிபடாது. வரவரப் பழகிடும்" என்றார். பிறகு தன் வரிசையிலிருந்து அந்த நீலக்கோட்டு அகேட்டை எடுத்து ஆர்லோவின் கையில் வைத்து மூடினார். "இதை வெச்சுக்குங்க. வெறுங்கையோட வீட்டுக்குப் போகக்கூடாது."

டெல்பர்ட்டுக்குப் புரையேறியது. பல வருஷமாகத் தன் கொல்லையில் கிடந்த கல்லை ஆர்லோ இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க. இந்த மாதிரி ஒண்ணு என்கிட்ட இல்லவே இல்ல" என்றான். அந்த நிமிஷத்துக்கு அது உண்மைதான்.

வென்டல் பெருமையோடு உட்கார்ந்தார். பிறகு ஏதோ உறுத்த, வெல்டாவிடம் கேட்டார்: "அப்ப வீட்ல இருக்கே, மூத்தது? அதுவும் உள்ள இப்படித்தான் இருக்குமோ?"

ஆர்லோ வாயைத் திறக்குமுன் வெல்டா முந்திக்கொண்டாள்.

"சேச்சே! அதுக்குள்ள ஊதா. அருமையான செவ்வந்திக்கல்லு."

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார் டெல்பர்ட். "ஒடைச்சா பாத்த?"

"அதைப் போய் யாராவது ஒடைப்பாங்களா?" என்றாள் வெல்டா.

ஆர்லோ குனிந்து இரண்டு பாதிகளையும் எடுத்து, கோடு தெரியாதபடி ஒன்றோடொன்று பொருத்தி, செய்தித்தாளில் சுற்றி, நீலப்பிடி வாளியில் வைத்தான்.